லஞ்சத்துக்கும் சாதி இருக்கிறது

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, அறுபது வயதைக் கடந்த அம்மா ஒருவர் தன் பேத்தியை அழைத்துக்கொண்டு எங்களைப் பார்க்க வந்தார். கையில் நாற்பது பக்க நோட்டு. அரசுத் திட்டத்தில் வீடு கட்டிய கணக்கு முழுவதையும் எட்டாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பெண் எழுதி வைத்திருந்தாள். செங்கல், எம் சாண்ட், சிமெண்ட், கொத்தனார் கூலி, சித்தாள் கூலி, டீ, வடை. நடுநடுவே ‘சாருக்கு’ என்று நான்கு வரிகள். அடித்தளம் முடிந்ததும் சாருக்கு 5,000. லிண்டல் மட்டம் வந்ததும் சாருக்கு 5,000. கூரை போட்டதும் சாருக்கு 7,000. கடைசி பில்லுக்கு சாருக்கு 3,000. ஆக மொத்தம் 20,000 ரூபாய். ஒன்றிய அரசின் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஒதுக்குகிற தொகை 1,20,000 ரூபாய். அதில் ஆறில் ஒரு பங்கு சாருக்கே போய்விட்டது.

லஞ்சம் வாங்கிவிட்டார்கள் என்று புகார் சொல்ல அந்த அம்மா வரவில்லை. “காச முழுசா குடுத்துட்டேம்ப்பா. கடைசி பில்லு மட்டும் இன்னும் ஏறல. கொஞ்சம் ஆபீசுல கேட்டுச் சொல்லுங்க” என்பதுதான் அவர் கோரிக்கை. லஞ்சம் என்பது அவருக்குச் சிமெண்ட் மாதிரி ஒரு செலவு. கொடுத்த பிறகும் வேலை நடக்கவில்லையே என்பதுதான் அவருக்கு அநியாயமாகத் தெரிந்தது.

ஊர்த்தெருவிலும் இதே ரேட்தானா என்று கேட்டோம். சிரித்தார். “அங்க சாரு வீட்டுக்குள்ள போயி காபி குடிச்சிட்டு வருவாரு. நம்ம தெருவுல வண்டிய விட்டே எறங்கமாட்டாரு. ரோட்டுல நின்னபடியே ‘என்னம்மா, ரெடி பண்ணிட்டியா’ன்னு கேப்பாரு.” பேத்தியின் வயதில் மகள் இருக்கக்கூடிய ஒரு ஆள், அறுபது வயது மனுஷியை ‘பண்ணிட்டியா’ என்கிறார். அந்த அம்மாவோ அவர் இல்லாத இடத்திலும் அவரை ‘சார்’ என்றுதான் சொல்கிறார்.

இதைத்தான் நாங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். லஞ்சத்துக்கும் சாதி இருக்கிறது. யாரிடம் எவ்வளவு கேட்கலாம், யாரிடம் கேட்கவே கூடாது, யார் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போவார்கள், யார் கேட்டால் மறுநாள் மாவட்டச் செயலாளரிடமிருந்து போன் வரும் என்பதெல்லாம் அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். சாதிச் சான்றிதழுக்கு அலையும் இருளர் பிள்ளையின் அப்பாவிடம் கேட்பது எளிது. அவருக்குச் சான்றிதழ் இல்லையென்றால் பிள்ளையின் படிப்பே நின்றுவிடும். வன்கொடுமை வழக்கில் தீருதவித் தொகைக்குக் காத்திருக்கும் குடும்பத்திடம் கேட்பது இன்னும் எளிது. அடிபட்டவரிடமே கமிஷன் கேட்கிற அந்தத் துணிச்சல், இவர்களுக்கு யாரும் இல்லை என்ற கணக்கிலிருந்து வருகிறது.

ஊழலைப் பற்றிப் பேசுகிற கட்டுரைகள், கருத்தரங்குகள், பள்ளிக்கூட உறுதிமொழிகள் எதிலும் இந்தக் கணக்கு வருவதில்லை. ‘ஊழல் ஒரு புற்றுநோய்’ என்று தொடங்கி ‘தனிமனித ஒழுக்கம் வேண்டும்’ என்று முடித்துவிடுகிறார்கள். நோய் என்றால் எல்லோரையும் ஒரே மாதிரித் தாக்க வேண்டும். இது ஆளைப் பார்த்து, தெருவைப் பார்த்துத் தாக்குகிறது.

குற்றவாளி யார்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018இல் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் தனிக் குற்றம். கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் காவல் துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்தால் தப்பிக்கலாம். எட்டாவது நாள் ஆகிவிட்டால் அந்த நோட்டில் எழுதியிருக்கும் ‘சாருக்கு 5,000’ என்ற வரி, சாருக்கு எதிரான சாட்சியாக இருப்பதோடு அந்த அம்மாவுக்கு எதிரான ஒப்புதல் வாக்குமூலமாகவும் மாறிவிடும்.

ஏழு நாளில் புகார் கொடுக்க வேண்டுமாம். நான்கு தவணையில் வரும் பில்லில் முதல் தவணைக்கே புகார் கொடுத்தால் மிச்சம் மூன்று தவணையை யார் வாங்கித் தருவது? பாதிக் கட்டிய சுவருக்குள் மழையில் யார் படுப்பது? இந்தக் கேள்வி சட்டம் எழுதியவர்களுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

அதே திருத்தம் 17ஏ என்ற பிரிவையும் கொண்டுவந்தது. அரசு ஊழியர் தன் பணியில் எடுத்த முடிவு, செய்த பரிந்துரை குறித்து விசாரணை தொடங்கவே அரசின் முன் அனுமதி வேண்டும். கையும் களவுமாகப் பிடிபடுகிற வழக்குக்கு மட்டும் இந்த அனுமதி தேவையில்லை. ரசாயனம் தடவிய இரண்டாயிரம் ரூபாயை வாங்குகிற கீழ்நிலை ஊழியரை உடனே பிடிக்கலாம். பேனாவை எடுத்து ஒரு கையெழுத்தில் பல நூறு கோடியைத் திருப்பிவிடுகிறவரைத் தொடுவதற்கு, அவர் சார்ந்த அரசிடமே அனுமதி கேட்க வேண்டும். கொடுத்த ஏழைக்கு ஏழு நாள் கெடு. முடிவெடுத்த அதிகாரிக்கோ கவசம். ஒரே திருத்தச் சட்டத்தில் இரண்டும் இருக்கின்றன.

கணக்கில் வராத கொள்ளை

எங்களைப் பொறுத்தவரை பெரிய கொள்ளை, மேசைக்கு அடியில் நடப்பதே இல்லை. மேசைக்கு மேலே, அரசாணை போட்டு, முத்திரை குத்தி நடக்கிறது.

1979–80இல் தொடங்கிய சிறப்பு உட்கூறுத் திட்டத்தின் கொள்கை எளியது. பட்டியல் சாதியினர் மக்கள்தொகையில் எத்தனை விழுக்காடோ, திட்ட நிதியில் அத்தனை விழுக்காடு அவர்களுக்கு நேரடியாகப் போய்ச் சேர வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாங்கள் 20 விழுக்காடு. ஐந்து ரூபாயில் ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாயை எங்கே தேடுவது? மேம்பாலத்தில் நீங்களும் போவீர்கள் என்று மேம்பாலத்தில் ஒரு பங்கை எங்கள் கணக்கில் எழுதுவார்கள். மருத்துவமனைக்கு நீங்களும் வருவீர்கள் என்று கட்டடத்தில் ஒரு பங்கை எழுதுவார்கள். மார்ச் மாதம் வந்தால் செலவாகாத தொகை திரும்பிப் போகும்.

டெல்லியில் 2010இல் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தது நினைவிருக்கும். அந்தப் போட்டியின் ஊழல் பற்றி நாடே பேசியது. பட்டியல் சாதியினருக்கான சிறப்பு உட்கூறு நிதியிலிருந்து பல நூறு கோடி ரூபாய் அந்தப் போட்டி தொடர்பான வேலைகளுக்குத் திருப்பிவிடப்பட்டது தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக வெளியே வந்தது. அது தவறு என்று அன்றைய உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். டெண்டரில் அடித்த பணத்துக்கு வழக்கு வந்தது, சிறை வந்தது. எங்கள் பிள்ளைகளின் விடுதிக்கும் படிப்புக்கும் போக வேண்டிய பணத்தில் பளபளப்பு வேலை பார்த்ததற்குச் சிறைக்குப் போனவர் யார்? அதை ‘நிதி மாற்றம்’ என்று சொல்லிக் கடந்துவிட்டார்கள். ஒருவர் பாக்கெட்டில் போனால் ஊழல், ஊர் முழுக்கப் பிரித்துக்கொண்டால் வளர்ச்சி.

இந்தக் கொள்ளை நேற்று தொடங்கியதும் அல்ல. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலம் இன்று யார் யார் பெயரில் இருக்கிறது என்று ஊருக்கு ஊர் தெரியும். நிலம் தானாக நடந்து போய்ப் பெயர் மாறவில்லை. ஒவ்வொரு பட்டா மாற்றத்திலும் ஓர் அரசு அலுவலரின் கையெழுத்து இருக்கிறது. அந்தக் கையெழுத்துகளை எந்த லஞ்ச ஒழிப்பு மாதமும் எண்ணிப் பார்த்ததில்லை. 1994 அக்டோபரில் காரணை நிலத்துக்காகப் போராடியபோது செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் விட்டார்கள். நிலத்தை எடுத்தவன் பாதுகாப்பாக இருந்தான். கணக்குக் கேட்டவன் சுடப்பட்டான்.

மெழுகுவர்த்தி பிடித்தவர்கள்

2011 ஆகஸ்டில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருந்தபோது, நாங்கள் ஏன் தொப்பி போட்டுக்கொண்டு மெழுகுவர்த்தி பிடிக்கவில்லை என்று நண்பர்கள் பலர் கோபித்துக்கொண்டார்கள். அதே மாதம் டெல்லியிலேயே தலித் அமைப்புகள் தனியாக ஊர்வலம் போய், லோக்பால் அமைப்பில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினருக்கு இடம் எங்கே என்று கேட்டன. நாட்டில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று தீர்ப்புச் சொல்லப்போகிற ஒரு அமைப்பில் யார் உட்காரப்போகிறார்கள் என்று கேட்பது பிரிவினையா?

இரண்டே ஆண்டில் பதில் கிடைத்தது. 2013 ஜனவரியில் ஜெய்ப்பூர் இலக்கிய விழாவில் ஆசிஷ் நந்தி என்ற அறிஞர், ஊழல் செய்பவர்களில் பெரும்பாலோர் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சாதி, பழங்குடி வகுப்புகளிலிருந்து வருகிறார்கள் என்ற பொருளில் பேசினார். வேறு அர்த்தத்தில் சொன்னேன் என்று பின்னர் விளக்கம் கொடுத்தார். அந்த விளக்கம் எங்களுக்குத் தெரியும். மேல்தட்டில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவி ஊழலாகத் தெரிவதில்லை, எங்கள் ஆட்கள் செய்வது மட்டும் தெரிகிறது என்பதும் அவர் வாதத்தின் ஒரு பகுதி. இருக்கட்டும். அரங்கில் இருந்தவர்களுக்கும் டிவி பார்த்தவர்களுக்கும் எது காதில் விழுந்தது? கீழ்ச்சாதிக்காரன் கையில் சாவி கொடுத்தால் கல்லா காலி என்று ஏற்கெனவே நம்பியவர்களுக்கு அது சான்றிதழாகப் போனது.

இந்த நம்பிக்கைதான் உள்ளாட்சியில் எங்கள் தலைவர்களின் கழுத்தில் கத்தியாக வந்து நிற்கிறது.

இரண்டு கையெழுத்து

73ஆவது அரசமைப்புத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. 1996 தேர்தலில் முதல்முறையாக ஊராட்சித் தலைவர் பதவிகள் எங்களுக்கு ஒதுக்கப்பட்டன. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்த ஐந்து பேரும், பேருந்தில் ஊர் திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் பத்தாண்டு காலம் தலித் தலைவர் ஒருவரை நாற்காலியில் உட்காரவிடவில்லை. 2006இல்தான் அந்தத் தேர்தல்கள் ஒழுங்காக நடந்தன. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படத்தை எல்லோரும் பார்த்தோம்.

சாதி கௌரவம் மட்டும் இதற்குக் காரணம் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஊராட்சியில் பணம் இருக்கிறது. ஏரி மீன் ஏலம், புளியமர ஏலம், கருவேல மரம், சாலை வேலை, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, கட்டட அனுமதி. தலைமுறை தலைமுறையாக ஊர்க் கோயில் வாசலில் உட்கார்ந்து பிரித்துக்கொண்ட வரவு அது. அந்த வரவுக் கணக்கை ஒரு சேரிப் பெண் புரட்டிப் பார்ப்பாள் என்பதை அவர்களால் தாங்க முடியவில்லை.

கொலை செய்ய முடியாத இடத்தில் சட்டமே உதவிக்கு வருகிறது. ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். கேட்க நல்ல விதிதான், ஒருவரை ஒருவர் கண்காணிக்கலாம். ஆனால் தலைவர் பதவிக்குத்தான் இட ஒதுக்கீடு. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தனி ஊராட்சியில் வார்டுகளில் பெரும்பான்மை ஆதிக்க சாதியிடம் இருந்தால் துணைத் தலைவர் அவர்கள் ஆள். பங்கு கிடைக்காத வேலைக்கு அவர் கையெழுத்து வராது. மோட்டார் ரிப்பேர் ஆகி இரண்டு வாரம் தண்ணீர் வராது. ‘காலனித் தலைவி வந்து ஊரே நாறுது’ என்று பேச்சு கிளம்பும். பங்கு கொடுக்கச் சம்மதித்த மறுநாள் கையெழுத்து வந்துவிடும். பிறகு தணிக்கையில் மாட்டினால் முதல் பெயர் தலைவியின் பெயர். டிஜிட்டல் கையொப்பம் வந்த பிறகும் நாங்கள் போன ஊராட்சிகள் சிலவற்றில் தலைவரின் கையொப்பக் கருவி ஊராட்சிச் செயலரின் டிராயரில்தான் இருந்தது.

இங்கே எங்கள் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்ல எங்களுக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கடந்த உள்ளாட்சிக் காலத்தில் நாங்கள் வேலை செய்கிற பகுதியில் ஒரு தனி ஊராட்சி. தலைவர் எங்கள் ஆள். எங்கள் கூட்டங்களுக்கு வந்தவர், அம்பேத்கர் படத்துக்கு மாலை போட்டவர். நூறு நாள் வேலை வருகைப் பதிவில் வேலைக்கு வராத பெயர்கள் இருப்பதாகச் சேரிப் பெண்களே எங்களிடம் வந்து சொன்னார்கள். விசாரித்தோம், உண்மைதான். ஊர்க்காரர்களுக்கும் சேதி தெரிந்துவிட்டது. அவரை நீக்கச் சொல்லி ஆட்சியருக்கு மனு தயாரானது. ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவின்படி ஆட்சியர் தலைவரை நீக்கலாம். வட்டாட்சியர் கூட்டம் போட்டு வார்டு உறுப்பினர்களின் கருத்தைக் கேட்பார். அந்த வார்டு உறுப்பினர்கள் யார் என்று மேலே சொல்லிவிட்டோம்.

எங்களுக்குள் இரண்டு இரவு சண்டை நடந்தது. “இப்ப நாம பேசினா அவங்களுக்குத்தான் லாபம். நம்ம ஆள நாமே காட்டிக் குடுக்கறதா?” என்றார்கள் சிலர். “திருடினது நம்ம பொம்பளைங்க கூலியத்தானே, அத யாருக்குக் காட்டிக் குடுத்தா என்ன?” என்றார் ஒரு அக்கா. அவர் பேச்சுதான் கடைசியில் நின்றது. கிராம சபையில் நாங்களே எழுந்து கணக்குக் கேட்டோம். அவருடைய காலத்துக்கு மட்டும் கேட்கவில்லை. அதற்கு முன் அதே ஊராட்சியைப் பொதுத்தொகுதியாக ஆண்ட தலைவரின் காலத்துக்கும் சேர்த்து, பத்தாண்டுக் கணக்கைக் கேட்டோம். ஊர்த்தெருக் கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. பத்தாண்டு என்றதும் கைதட்டல் நின்றுவிட்டது.

என்ன நடந்தது? எங்கள் ஆளின் மீதான கோப்பு வேகமாக நகர்ந்தது, காசோலை அதிகாரம் போனது. செய்த தப்புக்கு அது சரிதான், நாங்கள் வருத்தப்படவில்லை. முந்தைய தலைவர் காலத்துக் கணக்குப் புத்தகங்கள் மழையில் நனைந்து அழிந்துவிட்டதாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் வந்தது. மேல்முறையீடு இன்னும் கிடக்கிறது. இரண்டு தலைவர்கள், ஒரே அலுவலகம், ஒரே கூரை. மழை மட்டும் ஆள் பார்த்துப் பெய்திருக்கிறது.

எங்கள் ஆட்களும் ஊழல் செய்கிறார்கள். அதை மறைக்க எங்களுக்கு எந்தக் காரணமும் இல்லை, ஏனென்றால் அவர்கள் திருடுவதும் எங்களிடமிருந்துதான். தண்டனை வேண்டும். அந்தத் தண்டனை எல்லோருக்கும் ஒரே வேகத்தில் வர வேண்டும் என்று மட்டும் கேட்கிறோம்.

செய்ய வேண்டியது என்ன?

‘விழிப்புணர்வு வேண்டும்’ என்று முடிக்க நாங்கள் இதை எழுதவில்லை. அந்த அம்மாவுக்கு விழிப்புணர்வு போதுமான அளவு இருக்கிறது. நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறார். அவரிடம் இல்லாதது பாதுகாப்பு.

முதலில் ஒன்றிய அரசுக்கு. முறைகேட்டைச் சொல்பவர்களைப் பாதுகாக்கும் சட்டம் 2014இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் பெற்ற பிறகும் நடைமுறைக்கு வராமல் கிடக்கிறது. அதை நடைமுறைப்படுத்துங்கள். 17ஏ பிரிவை நீக்குங்கள், அல்லது அனுமதி தரும் அதிகாரத்தை அரசிடமிருந்து எடுத்துச் சுதந்திரமான அமைப்பிடம் கொடுங்கள். நலத்திட்டப் பயனாளிகள் அடிப்படை உரிமைக்காகக் கொடுத்த லஞ்சத்துக்கு ஏழு நாள் கெடு பொருந்தாது என்று சட்டத்திலேயே எழுதுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கை வைத்ததைத் திரும்பப் பெறுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று 8(1)(ஜே) பிரிவை மாற்றியிருக்கிறார்கள். முன்பு அந்தப் பிரிவில் பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்ற வாசல் இருந்தது. இது எங்களை எப்படிப் பாதிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீடு பெற்றவர் பட்டியல், உதவித்தொகை பெற்ற மாணவர் பட்டியல், வேலைக்கு வந்தவர் பட்டியல் எல்லாமே பெயர்கள்தான். பெயர் தெரிந்தால்தான் செத்தவர் பெயரில் வீடு வாங்கியதைக் கண்டுபிடிக்க முடியும். இமாச்சலப் பிரதேசத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் உதவித்தொகையைத் தனியார் கல்வி நிறுவனங்கள் விழுங்கியதாக 2019இல் சிபிஐ வழக்குப் போட்டது. அப்படிப்பட்ட மோசடியைச் சாதாரண மனிதர் ஒருவர் வெளியே கொண்டுவர வேண்டுமானால் பட்டியல் வேண்டும். ‘தனியுரிமை’ என்று சொல்லிப் பட்டியலை மூடினால் யாருடைய தனியுரிமை காப்பாற்றப்படுகிறது?

அடுத்து மாநில அரசுக்கு. சான்றிதழும் பட்டாவும் இத்தனை நாளில் தர வேண்டும், தராவிட்டால் அலுவலரின் சம்பளத்தில் அபராதம் என்ற சேவை உரிமைச் சட்டத்தை மத்தியப் பிரதேசம் 2010இலேயே கொண்டுவந்தது. பீகார், கர்நாடகம், கேரளம் என்று பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1997இலேயே தகவல் பெறும் உரிமைக்கு முதல் மாநிலச் சட்டம் போட்ட தமிழ்நாட்டில் இதற்காக நாம் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். தாமதம்தான் லஞ்சத்தின் முதலீடு. தாமதத்துக்கு விலை வைத்தால் லஞ்சத்தின் விலை இறங்கும்.

2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள். வரவேற்கிறோம். திருப்பிவிட்ட அதிகாரிக்கும் செலவழிக்காத துறைக்கும் என்ன தண்டனை என்பதில்தான் அந்தச் சட்டத்தின் உயிர் இருக்கிறது. எந்தத் தெருவுக்கு என்ன வந்தது என்று ஊர் வாரியாக வெளியிடுங்கள். மேம்பாலத்தில் எங்கள் பங்கு என்ற கதை வேண்டாம்.

உள்ளாட்சித் தேர்தலைக் காலத்தோடு நடத்துங்கள். 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்து மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்ந்தெடுத்த தலைவரையாவது தெருவில் மறித்துக் கேட்கலாம். தனி அலுவலரை எந்தத் தெருவில் மறிப்பது?

துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுத்தால் எழுத்து மூலம் காரணம் சொல்ல வேண்டும், குறித்த நாளுக்குள் சொல்லாவிட்டால் மாற்று உறுப்பினர் கையெழுத்துப் போடலாம் என்று விதி கொண்டுவாருங்கள். தலித் தலைவரை மிரட்டிப் பணி செய்யவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எம்) பிரிவில் குற்றம். அந்தப் பிரிவில் வழக்குப் பதியுங்கள். தலைவரை நீக்கும் கோப்பு எத்தனை நாளில் நகர்கிறதோ, அத்தனை நாளில் இந்தக் கோப்பும் நகரட்டும்.

கடைசியாக ஊராட்சிக்கு, அதாவது நமக்கு. ராஜஸ்தானில் கூலி வேலை செய்த பெண்களும் விவசாயிகளும் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பாகத் திரண்டு, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் மக்கள் விசாரணை நடத்தினார்கள். வேலையாட்கள் பட்டியலைச் சத்தமாக வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர்கள் தங்கள் பெயரைப் பட்டியலில் கேட்டுத் திகைத்தார்கள். 2005இல் வந்த தகவல் உரிமைச் சட்டத்துக்கான போராட்டம் அந்த மாதிரிக் கூட்டங்களில்தான் வளர்ந்தது. நூறு நாள் வேலைச் சட்டத்தில் 17ஆம் பிரிவாகச் சமூகத் தணிக்கை வந்ததும் அந்த வழியில்தான். ஆந்திரத்தில் அதை 2006இலிருந்து மாநில அளவில் செய்து காட்டினார்கள்.

இங்கே என்ன செய்கிறோம்? வெயிலில் மண் வெட்டும் பெண்களைக் காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை போட்டோ எடுக்கிறோம். ஒப்பந்தக்காரர் போட்ட சாலையின் அளவை எழுதிய எம் புக்கை யாராவது போட்டோ எடுத்து ஊர் நடுவே ஒட்டுகிறார்களா? முகத்தைக் காட்ட வேண்டியவள் கூலிக்காரி, புத்தகத்தைக் காட்ட வேண்டாதவர் ஒப்பந்தக்காரர். இந்தக் கேமராவைத் திருப்புங்கள். ஒவ்வொரு வேலையின் எம் புக், பில், பயனாளர் பட்டியல் சேரியின் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதப்பட வேண்டும். ஊர்த்தெரு கோயில் வாசலில் நடக்கும் கிராம சபைக்கு எங்கள் பெண்கள் வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போகிறார்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபையில் பாதியைச் சேரியில் நடத்துங்கள். சமூகத் தணிக்கைக் குழுவில் சேரிப் பெண்கள் பாதிப் பேராவது இருக்கட்டும்.

கிராமத்தைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் என்ன எச்சரித்தார் என்று தெரிந்தவர்கள்தான் நாங்கள். அதிகாரத்தைக் கிராமத்துக்குக் கொடுத்தால் அது ஆதிக்கத்தின் கையில் போகும் என்ற அச்சம் எங்களுக்கும் இருக்கிறது. அதனால்தான் அதிகாரத்தோடு கணக்கையும் சேர்த்துக் கேட்கிறோம். கணக்கு நம் தெருவுக்கு வராத அதிகாரப் பரவல், பழைய நாட்டாமையின் புதிய ரப்பர் ஸ்டாம்புதான்.

அந்த அம்மாவின் கதைக்கு வருவோம். ஏழு நாள் கெடு கடந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. புகார் கொடுத்தால் அவர் மீதும் வழக்கு வரலாம் என்பதை மறைக்காமல் சொன்னோம். அந்தத் தெருவில் இதே திட்டத்தில் வீடு கட்டிய மற்றவர்களிடமும் பேசிப் பார்க்கலாமா என்று கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்தார். “எல்லாரும் சேந்து வந்தா நானும் வர்றேன். நான் மட்டும்னா வேணாம்ப்பா” என்றார்.

மறுநாள் போனோம். பதினோரு வீடு. எல்லோர் வீட்டிலும் இப்படி நோட்டு இல்லை. ஆனால் எவ்வளவு, எப்போது, எந்த இடத்தில் நின்று வாங்கினார் என்பது எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்தது. பேத்தி புதுப் பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள், இரண்டு பேர் பயந்தார்கள். பயந்தவர்கள் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. வழக்கறிஞரிடம் கலந்து பேசி, ஒன்பது பேரும் ஒரே மனுவாக லஞ்ச ஒழிப்புத் துறைக்கும் ஆட்சியருக்கும் கொடுக்கப்போகிறார்கள். அடுத்த கிராம சபையில் அந்த நோட்டை அந்தப் பெண்ணே வாசிப்பாள்.

அன்று நாங்களும் அங்கே இருப்போம். இதைப் படிக்கிறவர்களில் பக்கத்தில் இருப்பவர்கள் வாருங்கள். தூரத்தில் இருப்பவர்கள் உங்கள் ஊர் கிராம சபையில் உங்கள் தெருவின் கணக்கைக் கேளுங்கள்.

ஜெய்பீம்.